கப்பல் வரும் தேதி

5 ஆகஸ்ட் 1974

காலையிலிருந்து மழை. பஸ்ஸில் ஈரக் கோட்டு நாற்றம். அலுவலகம் போனதும் மேலதிகாரி ஹாலம் கூப்பிட்டனுப்பினார். வேலை அனுமதிப் பங்கீட்டை இந்த வருஷம் நானே முழுக்கப் பார்க்க வேண்டுமாம். இதுவரை பார்த்துக்கொண்டிருந்த மிஸ் கார்ட்ரைட் ஓய்வு பெற்றுவிட்டாள். பெருமையாகத்தான் இருந்தது.

பிரிட்டனிடம் இன்னும் மிச்சமிருக்கும் பிரதேசங்களிலிருந்து இங்கே பிரிட்டனில் ஓட்டல், ஆஸ்பத்திரி வேலைகளுக்கு ஆள் வரலாம். வருஷத்துக்கு இத்தனை பேர் என்று மேலிடம் சொல்லும். அதை ஹாங்காங்குக்கு இவ்வளவு, செய்ஷல்ஸுக்கு இவ்வளவு, செயின்ட் ஹெலினாவுக்கு இவ்வளவு என்று பிரிப்பது எங்கள் பிரிவின் வேலை. குறித்த தேதிக்குள் ஒரு பிரதேசத்திலிருந்து ஆட்களின் காகிதங்கள் வந்து சேராவிட்டால், அதன் பங்கில் மிச்சமானதை வேறொன்றுக்குத் தள்ளிவிடுவோம். நான் திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது சுதந்திரம் வந்தது. விடுதித் தோழிகளோடு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனேன். இன்று அதே ராஜ்யத்தின் கடைசிச் சில்லறையைப் பிரித்துக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, ஹாலம் எதிரே இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் எட்னா சமையலறையில் நின்றபடியே காத்திருந்தாள். அவள் மாடி அறையில் குடியிருப்பவள். செயின்ட் ஹெலினாக்காரி. நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்த தீவு என்றால் எல்லாருக்கும் புரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் இங்கே ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு வந்தாள். அந்த வீட்டில் பிள்ளைக்கு இடமில்லை. மகள் சில்வியாவைத் தீவில் அத்தையிடம் விட்டுவிட்டு வந்தவள், பிறகு போகவேயில்லை. இப்போது ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. என் வீட்டுக்காரர் இறந்த அடுத்த வருஷம் என் வீட்டுக்குக் குடிவந்தாள். சில்வியாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இனி மகள் என்று சொல்லி வரமுடியாது. வேலைக்கு ஆளாக அனுமதி வாங்கித்தான் வர முடியும்.

எட்னா கையில் டெவன் கடற்கரை ஓட்டலின் கடிதம். அம்மா, மகள் இருவருக்கும் வேலை. தங்க ஓர் அறை. சில்வியாவின் ஒப்பந்தத்தைப் போன கப்பலிலேயே தீவுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“ரெண்டு கட்டில் போட்ட ரூமாம் அக்கா. ஜன்னலைத் திறந்தா கடலாம்.”

பக்கத்துத் தெரு ஞானாம்பிகை என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இவளும் அக்கா என்றே கூப்பிடுவாள். அவள் நாக்கில் அது ‘அகா’ என்று வரும். ரொம்ப சந்தோஷம் என்றேன். கேசரி கிளறினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி விண்ணப்பிக்கிறாள் என்று ஹாலமிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சலுகை காட்டினால்தானே சொல்ல வேண்டும். நான் யாருக்கும் சலுகை காட்டப்போவதில்லை.

6 ஆகஸ்ட்

ஓட்டல்காரர்கள் மேலிடத்தில் புகார் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் ஆள் வந்து சேர்வதில்லையாம். அதனால் கடைசித் தேதியைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரலாம் என்றார் ஹாலம். சென்ற வருஷம் அக்டோபர் 31. இந்த வருஷம் எது என்று கேட்டேன். “பொருத்தமா ஒண்ணு போடுங்க மிசஸ் பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் சுற்றறிக்கை தயாராக வேண்டும்.

8 ஆகஸ்ட்

செப்டம்பர் 30 என்று வைத்தால் காலாண்டுக் கணக்கோடு ஒத்துப்போகும். அக்டோபர் 15 என்றும் வைக்கலாம்; ஆனால் அதற்குத் தனியாக ஒரு காரணம் எழுத வேண்டும். 30க்குக் காரணமே தேவையில்லை. காலாண்டு முடிவு என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மாலையில் பீன்ஸ் நறுக்கினேன். சமையலறைச் சுவரில் கப்பல் கம்பெனியின் அட்டை தொங்குகிறது. எட்னா மாட்டியது. தீவில் விமான நிலையம் கிடையாது. கடிதமானாலும் ஆளானாலும் மாதத்துக்கொரு தரம் வரும் கப்பல்தான். தீவிலிருந்து வரும் கப்பல் சவுத்தாம்ப்டனை அடையும் நாட்களை அவள் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். தினமும் கண்ணில் படும் அட்டைதான். இன்று நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

9 ஆகஸ்ட்

சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்தேன். ஹாலம் படிக்காமலே கையெழுத்திட்டார். எல்லாப் பிரதேசங்களுக்கும் தந்தி போய்விட்டது. பெயரைத் தந்தியில் சொன்னால் போதாது. மருத்துவச் சான்று, புகைப்படம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் மூன்றும் அசலாக இங்கே வந்து சேர வேண்டும். அந்த விதி நான் போட்டதல்ல. எப்போதும் உள்ளது.

வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மாடியில் பூட்டிய அறையைத் திறந்து தூசி தட்டினேன். எட்னாவின் அறைக்கு அடுத்தது. இவருடைய புத்தகங்கள், கோட்டுகள், மேஜை எல்லாம் அப்படியே இருக்கின்றன. திரும்பப் பூட்டிச் சாவியை டப்பாவில் போட்டேன்.

11 ஆகஸ்ட்

எட்னா மீன் சமைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் கொல்லையில் கரிக்கொட்டகைக்குள், மண்ணெண்ணெய் அடுப்பில். வந்த அன்றே அப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மூன்று வருஷமாக அவளோ நானோ அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று மழையில் ஒரு கையில் குடையும் மறுகையில் சட்டியுமாக அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு, இனிமேல் உள்ளேயே பொரித்துக்கொள் என்றேன்.

“நிஜமாவா அக்கா? உங்க அம்மா இருந்தா என்ன சொல்வாங்க?”

என் அம்மாவைப்பற்றி அவளிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. மழையில் நனைந்து காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்றேன். சட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, கீழ்த்தட்டின் மூலையில், என் பாத்திரங்கள் எதன்மேலும் படாதபடி வைத்தாள். வீடெல்லாம் வாடை. நான் ஊதுபத்தி ஏற்றவில்லை.

25 ஆகஸ்ட்

ஞானாம்பிகை வந்தாள். அவளும் மாயவரத்துக்காரிதான், மனத்தில் பட்டதைப் பேசிவிடுகிற பெண். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

“என்னக்கா இது, அபயாம்பா அக்கா வீட்டுல மீன் வாடை? அவ உங்க வீட்டுல குடியிருக்காளா, நீங்க அவ வீட்டுல குடியிருக்கீங்களா?”

எட்னாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கேலி புரியும். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எட்னா தன் ஊர்ச் சோறு ஒரு தட்டு கொடுத்தாள். ஞானாம்பிகை அதிலிருந்த மீனை ஒதுக்காமல் சாப்பிட்டுவிட்டு, இவரிடம் சொல்லிடாதீங்க என்றாள், தன் கணவரை நினைத்து.

எட்னா மாடிக்குப் போனபின், ஊரிலிருந்து படிக்க வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டும், எட்னா போனதும் மாடி அறையைத் தரமுடியுமா என்று கேட்டாள்.

“அவ போறான்னு யார் சொன்னா?” என்றேன்.

ஞானாம்பிகை விழித்தாள். “அவதானேக்கா இப்ப சொன்னா. மக வந்ததும் ரெண்டு பேரும் ஓட்டலுக்குப் போறோம்னு?”

ஆமாம், ஆமாம் என்றேன். காப்பி கலக்க எழுந்துபோனேன்.

8 செப்டம்பர்

பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டேன்.

17 செப்டம்பர்

தீவிலிருந்து தந்தி. மருத்துவச் சான்றுகள் முடிந்து ஐந்து பெண்களின் காகிதங்கள் இப்போதுதான் தயார்; இம்மாதம் 25ஆம் தேதி புறப்படும் கப்பலில் வருகின்றன; சவுத்தாம்ப்டனில் அக்டோபர் 9; அதுவரை ஐந்து இடங்களையும் நிறுத்திவைக்கும்படி வேண்டுகிறோம்.

ஹாலம் விடுப்பில் ஸ்காட்லாந்து போயிருக்கிறார். திரும்ப இரண்டு வாரம். அவர் இல்லாதபோது வழக்கமான பதில்களை நான் அனுப்பலாம். தந்தியை அவருடைய தட்டில் வைத்தேன். பிறகு திரும்ப எடுத்தேன். ஒருவருக்காகத் தேதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டிவரும். மிஸ் கார்ட்ரைட்டும் இதைத்தான் சொல்வாள். ‘இறுதித் தேதியில் மாற்றமில்லை’ என்று பதில் கொடுத்தேன். மூன்றே சொல்.

வீட்டுக்கு வரும் வழியில் எட்னாவுக்குக் கையுறை வாங்கினேன். அவளுடையது கிழிந்துவிட்டது.

30 செப்டம்பர்

செயின்ட் ஹெலினாவின் பங்கில் மிச்சம் ஐந்து. செய்ஷல்ஸில் காத்திருப்போர் அதிகம். காகிதமெல்லாம் ஏற்கெனவே விமானத்தில் வந்துவிட்டது. ஐந்தையும் அங்கே தள்ளினேன். மத்தியானத்துக்குள் நன்றி சொல்லித் தந்தி வந்தது. யாரோ ஐந்து பெண்களின் வீட்டில் இன்று பாயசம். அதுவும் நியாயம்தானே. அவர்களுக்கும் அம்மாக்கள் இருப்பார்கள்.

9 அக்டோபர்

எட்னா இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு சவுத்தாம்ப்டன் போய்விட்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். காகிதம் வரும் கப்பலைச் சும்மா பார்க்கத்தானாம். ஊர்க்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்துப் பேசினாளாம். சில்வியா அத்தையைவிட உயரமாகிவிட்டாள் என்று சொன்னார்களாம்.

“கட்டில் போதுமாங்கறதுதான் இப்பக் கவலை” என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் வேலையிலிருந்து வந்த களைப்பு என்று சொல்லி விளக்கை அணைத்துப் படுத்தேன்.

11 அக்டோபர்

உறை வந்தது. ஐந்து விண்ணப்பங்கள். நான்காவது சில்வியா யோன். புகைப்படத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட நீலக் கம்பளிச் சட்டை. போன கிறிஸ்துமஸுக்கு நான் பின்னி அனுப்பியது. தீவில் அவ்வளவு குளிர் கிடையாது, போட்டோவுக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இடது கையின் விளிம்பில் ஒரு வரிசை தவறிப் பின்னியிருந்தேன். அது படத்தில் தெரிந்தது.

‘காலங்கடந்து வந்தது’ என்ற முத்திரையை ஐந்திலும் குத்த வேண்டும். நான்கில் குத்தினேன். பிறகு அதிலும் குத்தினேன்.

12 அக்டோபர்

எட்னாவிடம் சொன்னேன். சமையலறையில், பகலில், இருவரும் நின்றபடி. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. துடைத்துக்கொண்டிருந்த தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“தேதியை யாரு போட்டாங்க?”

“ஆபீஸ்ல.”

“ஆபீஸ்ல யாருக்கும் கப்பல் எப்ப வரும்னு தெரியாதா?”

 தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சனிக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது.

21 அக்டோபர்

ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. எட்னா என்னிடம் எப்போதும்போலவே பேசுகிறாள், அதுதான் தாங்கவில்லை. இன்று ஹாலமிடம் போய், தீவுக்காரப் பெண்களில் ஒருத்தியையாவது சேர்க்க வழியுண்டா என்று கேட்டேன். காரணம் கேட்டார். கப்பல் தாமதம் என்றேன். தாமதமில்லை; கப்பல் சொன்ன நாளில்தான் வந்தது. என் வாயில் அப்படித்தான் வந்தது.

அவர் மோசமான மனிதரல்ல. செய்ஷல்ஸ் கோப்பை வரவழைத்து, ஐந்து புகைப்படங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். அனுமதி போய்ச் சேர்ந்தாயிற்று, டிக்கெட்டும் எடுத்திருப்பார்கள் என்றார்.

“இதுல யாரை வேண்டாம்னு சொல்லட்டும்? நீங்களே காட்டுங்க மிசஸ் பிள்ளை.”

ஒருத்திக்குத் தெற்றுப்பல். ஒருத்தி சிரிக்கவே இல்லை. யாரையும் காட்ட முடியவில்லை. படங்களை அடுக்கிக்கொண்டே, செப்டம்பர் 30 நல்ல தேதி, ஓட்டல்காரர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், இதையே நிரந்தரமாக்கிவிடலாம் என்று சொன்னார். என்னைப் பாராட்டினார்.

இனி ஒவ்வொரு வருஷமும் தீவின் காகிதம் ஏறிய அக்டோபர் கப்பல் வருவதற்கு முன் கதவு சாத்தப்படும். ஒரே ஒரு தடவைக்கு என்றுதான் நான்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

10 நவம்பர்

எட்னா ஊருக்கே திரும்பிப் போகிறாள். டிசம்பர் 3ஆம் தேதி கப்பல்.

அடுத்த வருஷம் பார்க்கலாம், அவசரப்படாதே என்றேன். அடுத்த வருஷமும் இதே தேதி என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவ வர முடியலேன்னா நான் போகணும் அக்கா, யாராவது ஒருத்தர் கப்பல் ஏறித்தானே ஆகணும் என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

17 நவம்பர்

ஞாயிறு. மீன் சமைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். பசியில்லையாம்.

30 நவம்பர்

எழுதிவிட வேண்டும்.

எட்னா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு புடவையைக் கொடுத்தேன், ஜன்னல் திரைக்காவது ஆகும் என்று. வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தாள். அப்போது சொன்னேன்.

“தேதியைப் போட்டது நான்தான்.”

அவள் நிமிரவில்லை. “தெரியும்” என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

“மீன் சட்டியை உள்ள கொண்டுவரச் சொன்னீங்களே. மூணு வருஷமா சொல்லாதவங்க திடீர்னு சொல்றாங்களே, வீட்ல யாராவது செத்துட்டாங்களோன்னு நெனச்சேன். அப்புறம் கையுறை. அப்புறம் நீங்க அந்த அட்டையைப் பாக்கறதே இல்லை. முந்தியெல்லாம் என்னைவிட நீங்கதான் அதிகம் பாப்பீங்க. ‘எட்னா, உன் கப்பல் நாளைக்கு’ம்பீங்க.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலாண்டுக் கணக்கு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததால் உண்மை வந்தது. இந்த அறை காலியாகிவிடும் என்று பயந்தேன் என்றேன்.

 ஒரு ஜோடிக் காலுறையைச் சுருட்டினாள். பிறகு பக்கத்து அறைச் சுவரைக் கையால் தட்டினாள்.

“ஆஸ்பத்திரியிலயே சில்வியாவுக்கு வேலை தரேன்னாங்க. அம்மாவும் மகளும் ஒரே சமையல்கட்டுல. அவளுக்குத் தங்க இடமில்லாமத்தான் அந்த ஓட்டலுக்கு எழுதினேன். இந்த ரூம் பூட்டியே கிடக்கு. கேக்கலாம்னு எத்தனையோ தரம் படியிறங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீங்க உள்ள போயி உங்க வீட்டுக்காரர் மேஜையைத் துடைப்பீங்க. கேக்க வாய் வரல.”

நானும் கேட்கவில்லை, இரு என்று. ஒரு வார்த்தை. அதைக் கேட்பதைவிட ஒரு சுற்றறிக்கை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. “அந்தச் சட்டையை எடுங்க அக்கா” என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

3 டிசம்பர்

சவுத்தாம்ப்டன் வரை கூடப் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ரயிலில் இருவரும் இட்லிப் பொடி தடவிய ரொட்டி சாப்பிட்டோம். ஏறுமுன் என் கையைப் பிடித்தாள். கையுறை போட்டிருந்தாள்.

மீன் சட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறந்தாளா என்று தெரியாது.

15 டிசம்பர்

இவருடைய அறையைக் காலிசெய்தேன். புத்தகங்களை ஞானாம்பிகையின் கணவர் எடுத்துக்கொண்டார். கோட்டுகளைத் தேவாலயத்தில் கொடுத்தேன். மேஜை மட்டும் படியில் திரும்பாமல் மாட்டிக்கொண்டது. கால்களைக் கழற்றி இறக்கினோம். “கல்யாணமா அக்கா, இப்படி வெள்ளையடிக்கிறீங்க?” என்று ஞானாம்பிகை கேட்டாள். அவள் சொன்ன பெண்ணுக்குத் தரலாமா என்றாள். அடுத்த இலையுதிர் காலம்வரை பொறுக்கச் சொன்னேன்.

எட்னாவுக்கு எழுதினேன்: இரண்டு அறைகள் இருக்கின்றன; ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், உனக்கும் சில்வியாவுக்கும் வேலை தர இப்போதும் தயார் என்கிறார்கள். பதில் வர மாதங்களாகும். வராமலும் போகலாம்.

13 ஜனவரி 1975

செப்டம்பர் 30ஐ நிரந்தரமாக்கும் குறிப்பைத் தயாரிக்க ஹாலம் என்னிடமே கொடுத்தார். அதற்குப் பதிலாக வேறொரு குறிப்பு எழுதிக் கொண்டுபோனேன். செயின்ட் ஹெலினாவுக்குக் கப்பல் மட்டுமே உண்டு. தேதி எதுவானாலும் அந்தத் தீவின் காகிதங்கள் அக்டோபர் கப்பல் வந்த மறுவாரம்வரை ஏற்கப்பட வேண்டும். சென்ற வருஷம் இதனால் ஐந்து பெண்கள் இடம் இழந்தார்கள். கடைசியில் ஒரு வாக்கியம் என்னைப்பற்றி.

அவர் இரண்டு தடவை படித்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கோப்புக்குக் காரணம் போதும், மற்றது உங்கள் சொந்த விஷயம், நீண்ட நாள் வேலை பார்த்தவர் இப்படி எழுதிக்கொள்ளக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். கதவு வரை வந்து வழியனுப்பினார். இரக்கம்தான். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

15 ஜனவரி

குறிப்பு திரும்பி வந்தது. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார். விதி மாறிவிட்டது. கடைசி வாக்கியத்தை மட்டும் பென்சிலால் அடித்து, அது இல்லாமல் சுத்தமாகத் தட்டச்சு செய்யும்படி ஓரத்தில் எழுதியிருக்கிறார். அப்படியே செய்து அனுப்பினேன்.

மாலையில் கப்பல் கம்பெனியிலிருந்து புது வருஷத்து அட்டை எட்னா பெயருக்குத் தபாலில் வந்தது. சுவரில் மாட்டினேன். அக்டோபர் கப்பலைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன்.

அடிக்கப்பட்ட வாக்கியம் வேறெங்கும் இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். ‘சென்ற ஆண்டு இறுதித் தேதியை நிர்ணயித்தபோது, கப்பல் என்று வரும் என்பது எனக்குத் தெரியும்.’